பிள்ளைகளுக்கு வாசிக்கப் பழக்கிய செயலிகள்: உங்கள் அனுபவம் என்ன?

கொக்குவில் அம்மா:
மகள் தரம் 1. விஜயதசமிக்கு நல்லூரில் ஏடு தொடக்கிய பிள்ளை. முன்பள்ளி முடிக்கும்போதே உயிரெழுத்துப் பன்னிரண்டும் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் 'கொக்கு' என்று எழுதிக் காட்டினால் திகைத்துப்போய் நிற்பாள்.

அப்போது வைத்திருந்த எழுத்துச் செயலி படம் காட்டும்: அ, அம்மா. ஆ, ஆடு. படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவாள், நட்சத்திரமும் விழும். படத்தைக் கையால் மறைத்தால் பேச்சில்லை. தமிழில் 247 எழுத்து என்று மலைக்கத் தேவையில்லை, 216 உயிர்மெய்யும் ஓர் ஒழுங்கில்தான் வருகின்றன. பிள்ளையை இடறுவது கொம்பு. கண்ணில் முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வர வேண்டியது 'க்'. 'கொ' வந்தால் முன்னாலும் பின்னாலும் குறி. இந்த இடத்தில் நின்று பழக்காத செயலியால் எழுத்து வரும், வாசிப்பு வராது.

எங்களுக்குக் கைகொடுத்தது கூகுளின் ரீட் அலாங். 2019 இல் இந்தியாவில் 'போலோ' என்ற பெயரில் வந்தது, தமிழ் பிறகு சேர்ந்தது. பிள்ளை சத்தமாக வாசிக்க, தியா என்ற பாத்திரம் கேட்டுக்கொண்டிருக்கும். தெரியாத சொல்லைத் தொட்டால் சொல்லிக் காட்டும். கதைகளை இறக்கி வைத்தால் டேட்டா செலவில்லை.

அப்புறம், பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையத்தளம். இலவசத் தமிழ்க் கதைகள், நான்கு வாசிப்பு நிலைகளில். அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்து ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துக் காட்டுவா. அவ இருந்தால்தான் கதை முடியும். தனியே விட்டால் பிள்ளை விளையாட்டுக்குத் தாவிவிடும்.

கோண்டாவில் அப்பா:
எங்கள் வீட்டுச் சிக்கல் வேறு. குரல் கேட்டுத் திருத்தும் செயலி ஒன்று, மகன் 'காற்று', 'வெற்றி' என்று எங்கள் ஊர் வாயால் வாசித்தால் பிழை என்றது. சரியாக வாசித்த பிள்ளைக்குப் பிழை போட்டால் முகம் வாடாதா? இப்போது செயலியில் கதை மட்டும்தான். கேட்பது நான்.

அரிவரி ரீச்சர்:
கொம்பு பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. வகுப்பிலும் அங்கேதான் நிற்கிறார்கள். கதையில் வந்த கொம்புச் சொற்களில் இரண்டு மூன்றை அன்றைக்கே கொப்பியில் எழுத வையுங்கள், கை எழுதினால் கண் மறக்காது. தம்பி தங்கைமாரும் எட்டிப் பார்ப்பார்கள், கவனம்: மூன்று, நான்கு வயதுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொல்லியிருக்கிறது. செயலியில் நாலு வரி ஓட்டமாக வாசிக்கத் தொடங்கினால் யாழ் பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்குக் கூட்டிப்போங்கள். அச்சுப் பக்கத்தில் தொட்டால் குரல் வராது, பிள்ளை தானே எழுத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும். புத்தகத்தை அவர்களே தெரிவு செய்யட்டும்.