முருங்கையும் 'ஹாட்வூட்' தானா?

எல்லோருக்கும் வணக்கம்.

அம்பாறைத் தச்சுப் பயிற்சி மாணவர்களுக்கான சொற்பட்டியலில் 'ஹாட்வூட்' (hardwood) என்பதற்கு வன்மரம், 'சொஃப்ட்வூட்' (softwood) என்பதற்கு மென்மரம் என்று நண்பர் முன்மொழிந்திருக்கிறார். எனக்கு இதில் உடன்பாடில்லை.

'ஹாட்' என்று கண்டவுடன் 'வன்' போடுவது நமக்குப் பழகிவிட்டது. கணினிக்கு வன்பொருள் சரி. சவர்க்காரம் நுரைக்காத தண்ணீரை நம் பாடநூல்கள் வன்னீர் என்கின்றன, அதுவும் நிலைத்துவிட்டது. ஆனால் சிறைத்தண்டனையில் அதே சொல் கடூழியம் ஆகிறது, சோதனைத் தாளில் கஷ்டமான கேள்வி ஆகிறது. மட்டக்களப்பில் சீமெந்தும் ஆணியும் விற்கும் ஹாட்வெயார் கடையை 'வன்பொருள் கடை' என்று எழுதினால் மடிக்கணினி வாங்க ஆள் வந்து நிற்கும்.

மரத்தில் சிக்கல் இன்னும் பெரிது. அங்கே 'ஹாட்' என்பது உறுதியைக் குறிக்கவே இல்லை, அது தாவரவியல் பிரிவு. பூத்துக் காய்க்கும் இருவித்திலை மரங்கள் ஒரு பக்கம். பைன், சைப்ரஸ் போல விதை மூடப்படாத மரங்கள் மறுபக்கம். அந்தக் கணக்கில் முதிரையும் பாலையும் 'ஹாட்வூட்', முள்முருக்கும் இலவும் 'ஹாட்வூட்', முருங்கையும் 'ஹாட்வூட்'! முருங்கை பருத்தால் தூணாகுமா என்று கேட்ட ஊரில், முருங்கையை வன்மரம் என்று மாணவனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? விமானப் பொம்மை செய்யும் பால்சா கட்டை நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும், அதுவும் இதே பிரிவுதான். மாறாக 'சொஃப்ட்வூட்' பிரிவில் உள்ள யூ மரம் வில் செய்யும் அளவுக்கு உறுதியானது.

ஆகவே என் முன்மொழிவு: அகலிலை மரம், ஊசியிலை மரம். சைப்ரஸுக்கு இலை செதில் போல இருக்கும், ஊசி அல்ல என்று ஒருவர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனாலும் உறுதியைப் பற்றிப் பொய் சொல்லும் பெயரைவிட இலையைப் பற்றிச் சற்றுத் தளர்வாகச் சொல்லும் பெயர் எவ்வளவோ மேல்.

உண்மையான உறுதியைக் குறிக்க ஆசாரிமார் வாயில் ஏற்கெனவே 'வைரம்' என்ற சொல் இருக்கிறது, மரத்தில் முற்றி இறுகிய பகுதி அது. வைரம் பாய்ந்த முதிரை என்றால் விளக்கம் தேவையில்லை. மரத்தின் உறுதியை அளக்கும் ஜங்கா சோதனையில் 11.28 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்குக் குண்டை அதன் பாதிவரை மரத்துக்குள் அமிழ்த்த எவ்வளவு விசை வேண்டும் என்று பார்க்கிறார்கள். அந்த அளவைக்கு 'மர வன்மை' என்றே எழுதலாம். 'வன்' பொருந்தும் இடம் அதுதான். நவரத்தின வைரத்தோடு குழம்பாதா என்ற கேள்வி வரும். தச்சுப் பட்டறையில் குழம்பாது.

இன்னொன்று. தென்னையையும் பனையையும் இந்த இரண்டு வரிசைக்குள் திணிக்க வேண்டாம். அவை ஒருவித்திலைத் தாவரங்கள். உறுதி வெளிப்புறத்தில், நடுவில் மென்மையான சோறு. தொல்காப்பிய மரபியல் 'புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப' என்று பிரித்தது இதைத்தான், காழ் என்றால் வைரம். பனஞ்சலாகை அறுப்பவர்களுக்கு இது மிகவும் வேண்டிய செய்தி, எனவே 'புறக்காழ் மரம்' என்று மூன்றாவது வரிசை ஒன்று சேர்க்கலாம். தொல்காப்பியர் அதைப் புல் என்றாரே, நீ மரம் என்கிறாயே என்று யாராவது பிடிப்பீர்கள். பட்டியலில் 'பனம்புல்' என்று போட்டால் ஆசாரிமார் சிரிப்பார்கள், அதனால்தான்.