வொர்ஸ்லியின் இடத்தில் ஒரு நாள்: செக்ஸ்டண்ட் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு "யாருடைய இடத்தில் ஒரு நாள் இருப்பாய்?" என்று ஒரு பயிற்சி. பலரும் அண்டார்டிகா பயணத் தலைவர் ஷாக்கிள்டனைத்தான் சொல்வார்கள். என் தேர்வு அவருடைய கப்பலின் கேப்டன், வழி கணித்தவர், ஃபிராங்க் வொர்ஸ்லி. கப்பல் பனியில் சிக்கி மூழ்கியபின், உதவி தேடி 1916 ஏப்ரல் 24 அன்று அண்டார்டிகாவை ஒட்டிய எலிஃபண்ட் தீவிலிருந்து 22 அடிக்குச் சற்றே கூடுதலான படகில் ஆறு பேர் கிளம்பி, சுமார் 800 கடல்மைல் தாண்டி, மே 10 அன்று தெற்கு ஜார்ஜியாவில் கரையேறினார்கள். வழியெல்லாம் மேகமூட்டம், சூரியனைக் குறிபார்க்க வாய்த்தது நான்கே தடவை. இருவர் அவரைப் பிடித்துக்கொள்ள, ஆடும் படகில் செக்ஸ்டண்டை, அதாவது சூரியனின் உயரக் கோணத்தை அளந்து இடத்தைக் கணிக்க உதவும் கருவியை, தூக்கினார். இடத்தைக் கணிக்க உதவும் அட்டவணைப் புத்தகத்தின் தாள்களோ நனைந்து ஒட்டிக்கிடந்தன. அட்சரேகையில் ஒரு பாகை பிசகினால் 60 கடல்மைல் போச்சு!

பிள்ளைகளுக்கான கருவி எளிது: கோணமானியின் நேர்விளிம்பில் ஸ்ட்ரா, நடுத்துளையில் நூல், நுனியில் ஒரு நட்டு. சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. ஸ்ட்ரா வழியே வரும் ஒளி பின்னால் பிடித்த தாளில் வட்டப்பொட்டாக விழ வேண்டும். நூல் 90-இலிருந்து எத்தனை பாகை விலகுகிறதோ, அதுவே சூரியனின் உயரம். சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே வரும் செப்டம்பர் 23-ஐ ஒட்டி நண்பகலில் அளந்து 90-இல் கழித்தால் அட்சரேகை. காற்றில் நூல் ஆடுவதுதான் தொல்லை. நட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் தொங்கவிட்டால் அடங்குமா?

கப்பலில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? படகின் ஆட்டத்தை வகுப்பறையில் எப்படிக் கொண்டுவருவது? பழைய செக்ஸ்டண்ட் ஒன்று இரண்டு நாள் இரவல் கிடைத்தால் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.