புதுப்பிப்பு: மடிப்பில் கிழிந்த பழைய பட்டுச்சேலையை என்ன செய்தோம்

மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன்: எங்கள் சிறிய அருங்காட்சியகத்தில் உள்ள, கனமான சரிகைக் கரை போட்ட அரக்குப் பட்டுச்சேலை மடிப்புக் கோடுகளில் நூல் நூலாகப் பிரிகிறது, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, மடிக்காமல் குழாயில் சுருட்டும் யோசனைதான். அகலமான அட்டைக் குழாயில் பாலியெஸ்டர் படலம் சுற்றி, அதன்மேல் அமிலமற்ற மெல்லிய காகிதம் வைத்து, முகப்புப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டினோம். அமிலமற்ற காகிதத்திலேயே காரம் (அமிலத்தை முறிக்கும் பொருள்) சேர்த்த வகை பட்டுக்கு ஆகாது என்று ஒருவர் எச்சரித்தாரே, நாங்கள் வாங்கி வைத்திருந்தது அதேதான்! மாற்றிவிட்டோம்.

கிழிசல்களுக்குக் கிரெப்லின். கண்ணாடி மாதிரி தெரியும் மெல்லிய பட்டுத்துணி அது. அரக்கு நிறத்தில் சாயம் ஏற்றி, மேலே விரித்து, மெல்லிய பட்டிழையால் தைத்தோம். ஊசி இழையைக் குத்தாமல் இரண்டு இழைகளுக்கு நடுவே இறங்க வேண்டும். ஒரு சாண் தைக்க அரை நாள் ஆனது.

எதிர்பாராத விஷயம் ஒன்று. அலசலாம் என்று சிலர் சொன்னதால், உள்பக்க ஓரத்தில் ஈரப் பஞ்சை ஒற்றிப் பார்த்தேன். பஞ்சு உடனே சிவந்தது. சரி, தண்ணீர் பேச்சே வேண்டாம் என்று விட்டாயிற்று. கறுத்த சரிகையையும் தொடவில்லை. தேய்த்தால் கறையோடு தங்க முலாமும் போய்விடும்.

இப்போது முந்தானை மட்டும் காட்சியில் இருக்கிறது, 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்ற மங்கலான வெளிச்சத்தில்.