கடையிலுள்ள எல்லாக் கடிகாரமும் நின்றால் காலமும் நின்றுவிடுமா?

மஞ்சக்குப்பம் வாட்ச்காரன் | ஞாயிறு, இரவு 9.10

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. நேற்று சாயங்காலம் பேட்டரி மாற்ற ஒரு காலேஜ் பையன் வந்தான். சுவரில் தொங்குகிற கடிகாரங்களையே பார்த்துக்கொண்டிருந்தவன், "அண்ணே, இதெல்லாம் ஒரே நேரத்துல நின்னா காலமும் நின்னுடுமா?" என்றான்.

"கடிகாரம் நின்னா காலம் ஏன்டா நிக்கப்போகுது? ரோட்டுல பஸ் ஓடுதே" என்றேன்.

"பஸ்ஸும் நின்னா?"

"சூரியன் இருக்கு."

"அதுவும் நின்னு, உங்க நெஞ்சு, என் நெஞ்சு எல்லாமே நின்னு, அப்புறம் விட்ட இடத்துலேர்ந்து ஓட ஆரம்பிச்சா? நடுவுல நின்னது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். ராத்திரி எனக்குத்தான் தூக்கம் போனது.

நான் தினமும் பார்க்கிற ஒன்றைச் சொல்கிறேன். சாவி கொடுக்கிற பழைய வாட்ச்சின் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே பேலன்ஸ் வீல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் அது நின்றாக வேண்டும், நிற்காமல் எதிர்ப்பக்கம் திரும்ப முடியாது. பெரும்பாலான பழைய வாட்ச்களில் விநாடிக்கு 5 தரம். கண்ணில் லூப்பை (பெரிதாகக் காட்டுகிற கண்ணாடி) மாட்டிக்கொண்டு எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்த நிற்பு கண்ணில் பட்டதில்லை. காலமும் இப்படி நின்று நின்றுதான் போகிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கெடிலக்கரை | ஞாயிறு, இரவு 9.48

நிற்காது. பையனிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: எல்லாம் நின்றதே, எவ்வளவு நேரம் நின்றது? ஒரு நிமிஷம் என்று சொன்னால் அந்த ஒரு நிமிஷம் ஓடியிருக்கிறது, அப்போது காலம் நிற்கவில்லை. நேரமே ஆகவில்லை என்று சொன்னால் எதுவுமே நிற்கவில்லை. இரண்டில் எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வான்.

காலம் என்று தனியாக ஒரு சரக்கு கிடையாது. மாற்றத்தை எண்ணுகிறோம், அந்த எண்ணிக்கைக்கு வைத்த பெயர் காலம். அரிஸ்டாட்டில் 2300 வருஷத்துக்கு முன்னாலேயே இதைச் சொல்லிவிட்டார். சார்டீனியா தீவில் பழங்கதை வீரர்கள் பக்கத்தில் படுத்துத் தூங்கியவர்களின் கதையை எடுத்துக்காட்டுகிறார். விழித்ததும் அவர்கள் தூங்கும் முன் இருந்த 'இப்போது'வையும் எழுந்த பின் வந்த 'இப்போது'வையும் ஒட்டித் தைத்துவிடுகிறார்கள். நடுவில் ஒன்றும் நடந்ததாக அவர்களுக்குத் தெரியாது. ஆனால் வெளியே உலகம் ஓடியது, அதனால்தான் அதைத் தூக்கம் என்கிறோம். வெளியே என்று ஒன்றுமே இல்லை என்றால்? தைத்த இடத்தில் இடைவெளியே கிடையாது.

உங்கள் பேலன்ஸ் வீலும் திருப்பத்தில் ஒரு நொடிகூடத் தங்குவதில்லை அண்ணே. வேகம் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது, அவ்வளவுதான். கண்ணில் படாததற்குக் காரணம் உங்கள் லூப் இல்லை.

துறைமுகம் ஓ.டி. | ஞாயிறு, இரவு 10.30

கெடிலக்கரை சார் எப்போதும் போல 'தெரியாது' என்பதை 'கிடையாது' ஆக்கிவிட்டார். எனக்குத் தெரியாமல் என் பாக்கெட்டிலிருந்து பணம் போனால் போகவில்லை என்று ஆகிவிடுமா?

நியூட்டன் 1687-இலேயே சொன்னார்: எது ஓடினாலும் ஓடாவிட்டாலும் காலம் தன்பாட்டுக்கு ஒரே சீராக ஓடும். எல்லாம் நின்ற ஒரு வருஷமும் ஒரு வருஷம்தான். 'அதை எப்படி அறிவது' என்று கேட்பவர்களுக்கு சிட்னி ஷூமேக்கர் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1969-இல் ஒரு கற்பனை உலகத்தைக் கட்டிக் காட்டினார். நம்ம ஊரை வைத்துச் சொல்கிறேன்.

உலகமே மஞ்சக்குப்பம், முத்தியால்பேட்டை, பாகூர் என்ற மூன்று ஊர்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சக்குப்பம் 3 வருஷத்துக்கு ஒரு தரம், சரியாக ஒரு வருஷம் உறைந்துபோகும். ஊற்றுகிற டீ அந்தரத்தில் அப்படியே நிற்கும். உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் மற்ற இரண்டு ஊர்க்காரர்களும் பார்க்கிறார்கள், அப்புறம் வந்து சொல்கிறார்கள். முத்தியால்பேட்டை இப்படியே 4 வருஷத்துக்கு ஒரு தரம், பாகூர் 5 வருஷத்துக்கு ஒரு தரம். தலைமுறை தலைமுறையாகக் கணக்கு தப்பியதே இல்லை.

அப்படியானால் 60-ஆவது வருஷம்? மூன்று ஊரும் சேர்ந்து உறைய வேண்டும். பார்க்க ஆளில்லை. ஆனால் நடந்தது என்று நம்ப அவர்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது. (பிரபவ முதல் அட்சய வரை நம்ம சக்கரமும் 60 வருஷம்தான். ஷூமேக்கர் பஞ்சாங்கம் பார்த்து எழுதவில்லை, 3, 4, 5-க்கு மீச்சிறு பொது மடங்கு அது.)

சும்மா வந்தவன் | ஞாயிறு, இரவு 11.05

பாகூர் எப்போதோ உறைந்துவிட்டது, உங்களுக்கு இப்போதுதான் சேதி வருகிறது போல 😄

வெளிச்சத்துக்குக் காலமே கிடையாதாம், ஒளிகூடத் தப்ப முடியாத கருந்துளையின் விளிம்பில் காலம் நின்றுவிடுமாம். யூடியூபில் பார்த்தேன். அப்புறம் எதற்கு இவ்வளவு சண்டை?

மஞ்சக்குப்பம் வாட்ச்காரன் | திங்கள், காலை 7.20

துறைமுகம் சார், படித்தேன். நல்ல கணக்குதான். ஆனால் தொழில்காரனுக்கு ஒரு சந்தேகம் இடிக்கிறது. மூன்று ஊரும் உறைந்தாகிவிட்டது. வருஷம் முடிந்ததும் திரும்ப ஓட வைப்பது யார்?

என் கடையில் நின்ற வாட்ச் தானாக ஓடியதே கிடையாது. ஒன்று நான் தட்ட வேண்டும், இல்லையென்றால் சாவி கொடுக்க வேண்டும். மார்கழிக் குளிரில் எண்ணெய் இறுகி நின்று, வெயில் ஏறினால் ஓடுகிற கிழட்டுக் கடிகாரமும் உண்டு, அதற்கும் வெயில் என்று ஒன்று வெளியிலிருந்து வந்தது. உங்கள் உலகத்தில் வெளியே ஒன்றும் இல்லை, உள்ளேயும் ஒன்றும் அசையவில்லை. முதல் நாள் எப்படி இருந்ததோ 364-ஆம் நாளும் அச்சு அசலாக அப்படியே. அப்புறம் 365 முடிந்ததும் மட்டும் எது உசுப்பும்?

கெடிலக்கரை | திங்கள், காலை 8.02

அண்ணே, இந்தக் கேள்வியைப் பெரிய பெரிய ஆட்களும் ஷூமேக்கரிடம் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுவிட்டீர்கள்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். '60-ஆவது வருஷம் மட்டும் யாரும் உறைய மாட்டார்கள்' என்று அந்த மூன்று ஊர்க்காரர்களும் விதியை எழுதிக்கொண்டால் எந்த அனுபவத்தோடும் முட்டாது. ஒரு வருஷம் வீணாக யாரும் காணாத காலத்தை ஒப்புக்கொள்வதைவிட இது மலிவு.

துறைமுகம் ஓ.டி. | திங்கள், பகல் 1.15

மலிவா? எத்தனையோ முறை தப்பாமல் வந்த கணக்கில், யாரும் பார்க்காத அந்த ஒரு தரம் மட்டும் ஓட்டை போடுவது மலிவா? ஷூமேக்கர் கேட்பதும் அதுதான். ஒட்டுப்போட்ட விதியைவிட ஒட்டில்லாத விதிதான் நல்லது.

வாட்ச்காரரின் கேள்வி கஷ்டமானது, ஒப்புக்கொள்கிறேன். என் பதில்: 'இவ்வளவு காலம் கடந்துவிட்டது' என்பதே ஒரு காரணமாக இருக்கலாம். காரணம் எப்போதும் காரியத்தின் வாசலிலேயே நிற்க வேண்டும் என்று யார் சொன்னது?

மஞ்சக்குப்பம் வாட்ச்காரன் | திங்கள், பகல் 1.40

மனசு ஒப்பவில்லை சார். சும்மா கிடந்ததற்காக ஓட ஆரம்பித்த வாட்ச்சை நான் பார்த்ததில்லை.

முத்தியால்பேட்டையான் | திங்கள், இரவு 10.12

புதுவையிலிருந்து ஒரு குரல். முதலில் யூடியூப் தம்பிக்கு. ஒளிக்குக் காலம் நின்றுவிடும் என்பது கவர்ச்சியான வாக்கியம், அவ்வளவுதான். ஒளி அசையாமல் நிற்பது போலத் தெரிகிற ஒரு பார்வை நிலையை ஐன்ஸ்டைனின் சார்பியல் தருவதே இல்லை. ஆகவே ஒளியின் கையில் வாட்ச் கட்டினால் மணி என்ன என்ற கேள்விக்கே பொருள் கிடையாது. கருந்துளை விஷயம் இதைவிடச் சுவையானது. தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு, விழுகிறவரிடமிருந்து வருகிற ஒளி தாமதமாகிக்கொண்டே போய், சிவந்து, மங்கிப்போகும். விழுகிறவரின் வாட்ச்சோ டிக் டிக் என்று ஓடிக்கொண்டேதான் விளிம்பைத் தாண்டும். ஆகக் காலம் எங்கே நின்றது? பார்ப்பவருக்கு வந்து சேருகிற சேதிதான் நின்றது.

காலம் இடத்துக்கு இடம் வேறு வேகத்தில் போவது மட்டும் உண்மை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் கடிகாரங்கள் தரையில் இருப்பதைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோவிநாடி முந்தும். திருத்தாமல் விட்டால் உங்கள் செல்போன் மேப் சில நாளில் உங்களைக் கடலில் நிற்க வைத்துவிடும்.

நாமே கடிகாரத்தை நிறுத்திப் பார்த்த கதையும் உண்டு. 2017 ஜனவரி 1, நம் நேரப்படி காலை 5.29.59-க்கு அடுத்து 5.30.00 வரவில்லை, நடுவில் 5.29.60 என்று ஒரு விநாடி வந்தது. பூமி சுற்றுவது அணுக் கடிகாரத்துக்கு ஈடுகொடுக்காததால் செருகிய விநாடி. 1972-லிருந்து அதோடு 27 தரம் செருகியாகிவிட்டது. அந்த விநாடியில் உலகம் ஒன்றும் நிற்கவில்லை, அணுக் கடிகாரத்துக்குள் இருக்கிற சீசியம் அணு வழக்கம்போல 9,19,26,31,770 தரம் ஆடியது.

திரி திசைமாறினாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர், வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1760-இல் எங்கள் ஊருக்குக் கப்பலேறினார். வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூனில் நடுக்கடலில், ஆடுகிற கப்பலில் இருந்து பார்த்தார். கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் ஆடுகிற கப்பலில் நேரத்தைச் சரியாகக் குறிக்க வழியில்லை, பார்த்தது வீண். விடாமல் காத்திருந்து 1769 ஜூன் 4-க்குப் புதுச்சேரியிலேயே வானத்தைப் பார்க்கக் கூடம் கட்டி உட்கார்ந்தார். அன்று காலை மேகம் மூடிக்கொண்டது, கடந்து முடிந்த பிறகு வெயில் அடித்தது. 1771-இல் வீடு திரும்பினால் செத்துப்போனார் என்று சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நியூட்டன் சொன்ன காலம் ஒரே சீராக ஓடியிருக்கலாம், அது அவர் கைக்கு வரவில்லை. கடிகாரத்தைச் சரிபார்க்க இன்னோர் அசைவு வேண்டும், அதைச் சரிபார்க்க இன்னொன்று. இந்த விஷயத்தில் என் ஓட்டு கெடிலக்கரைக்கே.

பாகூர் வாத்தியார் | செவ்வாய், காலை 6.15

எங்கள் ஊரை ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் உறைய வைத்ததற்கு நன்றி. ஓய்வுபெற்ற தமிழாசிரியன், அறிவியல் பேச வரவில்லை. 'நிற்பது' என்ற சொல்லைப் பற்றி மட்டும் ஒன்று.

பஸ் நின்றது என்கிறோம். மழை நின்றது என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றா? நின்ற பஸ் கண்ணெதிரே இருக்கிறது, ஓட்டம் மட்டும் இல்லை. ஏறி உட்காரலாம், டயரைத் தட்டலாம். நின்ற மழையை எங்கே போய்க் காட்டுவீர்கள்? மழை என்பதே பெய்வதுதான். பெய்யாத மழை ஒன்று வானத்தில் காத்துக்கொண்டு நிற்பதில்லை. அது இல்லை, அவ்வளவுதான். கல்யாணம் நின்றுபோச்சு என்றால் இன்னும் மோசம், அது நடக்கவே இல்லை.

காலம் நின்றால் எது மாதிரி நிற்கும்? பஸ் மாதிரி என்றால், ஓடாத காலம் எங்கோ நிற்க வேண்டும், அது எந்த நேரத்தில் நிற்கிறது? மழை மாதிரி என்றால், காலமே இல்லை. அப்புறம் திரும்ப ஆரம்பிப்பதாகச் சொல்கிறீர்களே, அந்த 'அப்புறம்' எதிலிருந்து வந்தது?

வினை காலமொடு தோன்றும் என்பது தொல்காப்பியம். 'நின்றது' என்பதில் உள்ள றகரமே இறந்தகாலம் காட்டுகிற இடைநிலை. காலம் நின்றது என்று சொல்வதற்கே காலத்திடம் கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

துறைமுகம் ஓ.டி. | செவ்வாய், காலை 9.30

வாத்தியாரய்யா, சொல்ல வராதது நடக்கக்கூடாது என்று உலகத்துக்குச் சட்டமா என்ன?

பாகூர் வாத்தியார் | செவ்வாய், காலை 9.52

சட்டமில்லை தம்பி. ஆனால் நடந்தது இன்னது என்று நீதானே என்னிடம் சொல்ல வருகிறாய். அந்த 'இன்னது' எது என்றுதான் கேட்கிறேன்.

கெடிலக்கரை | செவ்வாய், பகல் 12.20

துறைமுகம் சார், இப்போதுதான் உறைக்கிறது. உங்கள் மூன்று ஊரும் உறைந்தபோது ஒரு வருஷம் கழிந்தது என்கிறீர்கள். அதாவது பொருள்கள் பஸ் மாதிரி நின்றன, காலம் நிற்கவில்லை. நானும் காலம் நிற்காது என்றுதான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்புறம் எதற்கு இத்தனை நாள் மல்லுக்கட்டினோம்?

துறைமுகம் ஓ.டி. | செவ்வாய், பகல் 12.41

மாட்டிக்கொண்டேன் 😄 ஆனால் ஒரே வீட்டுக்கு வேறு வேறு வாசல் வழியாக வந்திருக்கிறோம். உங்களுக்குக் காலம் நிற்காது, ஏனென்றால் நிற்க அதற்கு ஒரு உடம்பு இல்லை. எனக்குக் காலம் நிற்காது, ஏனென்றால் உலகம் நின்றாலும் அதற்குக் கவலை இல்லை. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

முத்தியால்பேட்டையான் | செவ்வாய், இரவு 11.03

மழை மாதிரி நிற்பதற்கு ஓர் இடம் உண்டு. கருந்துளைக்குள் விழுந்தவரின் வாட்ச் விளிம்பைத் தாண்டி ஓடுகிறது என்றேன். சார்பியல் கணக்குப்படி அது எல்லையில்லாமல் ஓடாது, உள்ளே ஒரு புள்ளிக்குப் பிறகு அடுத்த டிக் என்பதே கிடையாது. அங்கே கணக்கே கையை விரித்துவிடுகிறது என்பதால் பலர் இதை நம்புவதில்லை. ஆனால் வாத்தியார் ஐயாவின் மழைக்கு உதாரணம் கேட்டால் இதுதான் கைவசம் இருக்கிறது. திரும்ப ஆரம்பிக்கிற பேச்சே இதில் இல்லை.

மஞ்சக்குப்பம் வாட்ச்காரன் | புதன், இரவு 8.35

இன்று சாயங்காலம் பையன் திரும்ப வந்தான். பஸ், மழை கதையை ஆர்வமாக எடுத்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டான். கேட்டு முடித்துக் கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

"அண்ணே, காலம் நிக்குதோ இல்லையோ, நீங்க பேட்டரி மாத்தின வாட்ச் நின்னுபோச்சு."

திறந்து பார்த்தேன். பேட்டரி புதுசுதான், அதன் அடியில் பித்தளைத் தகட்டில் பச்சை பூத்திருந்தது. பழைய பேட்டரி எப்போதோ கசிந்திருக்கிறது, சனிக்கிழமை அவசரத்தில் நான் துடைக்காமல் விட்டுவிட்டேன். என் தப்புதான், காசு வாங்கவில்லை.

"எப்போடா நின்னுச்சு?" என்று கேட்டேன். முள் 4.20-இல் நின்றிருந்தது. விடிகாலை நாலு இருபதா, சாயங்காலமா, திங்களா, செவ்வாயா என்று அவனுக்கும் தெரியவில்லை.