ஆஸ்லோவில் ஐந்து பேர், நான்கு நாள்: இது பயணமா, பட்டினியா?

கணக்குப்பிள்ளை:
ஜெர்மனியில் படிக்கும் நாங்கள் ஐந்து பேர் ஜூன் கடைசியில் ஆஸ்லோ போய் வந்தோம். "கம்மிச் செலவில் ஸ்காண்டிநேவியா" என்று யாராவது பையைத் தூக்கினால் தடுத்து நிறுத்தத்தான் இதை எழுதுகிறேன். விமான டிக்கெட் மலிவு என்று குதித்துக்கொண்டு எடுத்தோம், இறங்கியது "ஆஸ்லோ டோர்ப்" விமான நிலையம். பெயரில் ஆஸ்லோ இருக்கிறது, ஊர் நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். பஸ்ஸுக்குக் கொடுத்தது விமானத்துக்குக் கொடுத்ததில் முக்கால்வாசி. விடுதியில் படுக்கை விரிப்புக்குத் தனிக் காசு. அப்புறம் நான்கு நாளும் காலையில் ரொட்டி, மதியம் ரொட்டி, ராத்திரி விடுதி அடுப்பில் பாஸ்தா. ஒரு வேளைகூட ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. இதே காசுக்கு பிராக்கிலோ புடாபெஸ்டிலோ ராஜா மாதிரி இருந்திருக்கலாம். கையில் காசில்லாமல் பணக்கார ஊருக்குப் போவது, கல்யாண மண்டபத்து வாசலில் நின்று பந்தியை வேடிக்கை பார்க்கிற மாதிரிதான்.

ஊர்சுற்றி91:
அந்த ஊரில் பந்தியே வெளியேதான் நடக்கிறது, நீங்கள்தான் மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். போன வருடம் நாங்கள் மூன்று பேர் போனோம். 2008இல் திறந்த அந்த ஓபரா மாளிகையின் கூரை மேலேயே நடக்கலாம், பைசா கிடையாது. வெள்ளைச் சலவைக்கல் சரிவு அப்படியே தண்ணீருக்குள் இறங்குகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு அந்த விளிம்பில் உட்கார்ந்து, ட்யூபில் விற்கிற மீன்முட்டைப் பசையைப் பற்பசை மாதிரி ரொட்டியில் பிதுக்கிச் சாப்பிட்டதை நான் எந்த ஹோட்டல் சாப்பாட்டுக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். (முதல் வாய் உப்பு, இரண்டாவது வாய் ரொம்ப உப்பு, மூன்றாவதில் பழகிவிடும்.) வீகெலாண்ட் பூங்காவில் இருநூறுக்கு மேல் சிலைகள், ராத்திரி பகல் எப்போது வேண்டுமானாலும் போகலாம், கட்டணம் இல்லை. நடுவில் ஒரே கல்லில் செதுக்கிய தூண், 121 மனித உடல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு போகின்றன. என் நண்பன் எண்ணிப் பார்க்கிறேன் என்று சுற்றிச் சுற்றி வந்து அறுபதோடு விட்டுவிட்டான்.

கணக்குப்பிள்ளை:
சரி, கூரை பார்த்தீர்கள், தூண் பார்த்தீர்கள். மூங்க் 1893இல் வரைந்த "அலறல்" ஓவியத்தைப் பார்த்தீர்களா? தேசிய அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது, உள்ளே போகக் காசு. நாங்களும் வாசல் வரை போய்விட்டுத் திரும்பினோம். இவ்வளவு தூரம் போய் அதைப் பார்க்காமல் வருவதற்குப் பெயர் சிக்கனம் இல்லை. இன்னொன்று, நீங்கள் சொல்கிற இலவசம் எல்லாம் கோடைக்கால இலவசம். ஜூனில் ராத்திரி பத்தரை தாண்டியும் வெயில் அடிக்கிறது, அதனால் கூரையில் உட்காரலாம். டிசம்பரில் மதியம் மூன்று மணி சுமாருக்குச் சூரியன் போய்விடும். அப்போது அந்தச் சலவைக்கல்லில் செருப்பைக் கழற்றிப் பாருங்கள்.

வடதுருவன்:
இருபது வருடமாக ஒஸ்லோவில் இருக்கிறேன், யாழ்ப்பாணத்து ஆள். தம்பி, டோர்ப் விசயத்தில் உங்கள் மேல் பரிதாபம்தான், எங்கள் சொந்தக்காரரும் அதில் மாட்டியிருக்கிறார்கள். ஒஸ்லோவின் பெரிய விமானநிலையமான கார்டெர்மோனில் இறங்கியிருந்தால்கூட எல்லோரும் விமானநிலைய விரைவு ரயிலில் ஏறிவிடுகிறார்கள், சாதாரண ரயில் சில நிமிடம்தான் கூடுதல், விலை கிட்டத்தட்டப் பாதி. ஆனால் பாண் சாப்பிட்டதைப் பட்டினி என்று எழுதியதை என்னால் விட முடியாது. இங்கே என் வேலையிடத்தில் மேலாளர் தொடக்கம் துப்புரவு செய்கிறவர் வரை மதியம் திறப்பது "மாட்பாக்கே" தான். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பாண் துண்டுகள், இடையில் ஒட்டாமல் இருக்க மெழுகுத்தாள், மேலே ஒரு சீவல் பழுப்புச் சீஸ். வெளியில் சாப்பிடுவது இங்கே உழைக்கிறவனுக்கே தினசரி விசயம் இல்லை. நீங்கள் நான்கு நாள் இந்த ஊர்க்காரன் மாதிரி வாழ்ந்துவிட்டு, ஏமாந்துவிட்டோம் என்று கதைக்கிறீர்கள். பாஸ்தா ஏன் என்றுதான் விளங்கவில்லை. க்ரோன்லாண்ட் பக்கம் போயிருந்தால் மரக்கறி, பருப்பு, தேசிக்காய் எல்லாம் பெரிய கடைகளை விட மலிவாகக் கிடைத்திருக்கும், ஒரு சட்டி சாம்பார் வைத்திருக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
அண்ணா, சாயங்காலம் திரும்பிப் போக உங்களுக்கு வீடு இருக்கிறது. எங்களுக்கு எட்டுப் பேர் படுக்கிற ஓர் அறையும் ஒரே அடுப்புக்கு வரிசையும். அடுத்த முறை கூடாரம் எடுத்துக்கொண்டு போய் ஹோவெடோயா தீவில் போடலாம் என்று ஒரு யோசனை. நார்வேயில் யாரும் எங்கும் தங்கலாம் என்று சட்டமே இருக்கிறதாமே?

வடதுருவன்:
இருக்கிறது, ஆனால் "எங்கும்" இல்லை. வேலி போடாத வெளியில், வீடுகளிலிருந்து 150 மீட்டர் தள்ளி, இரண்டு இரவு. ஹோவெடோயாவில் கூடாரம் போட்டால் எழுப்பி அனுப்புவார்கள். நகரத்துத் தீவுகளில் லாங்ஓயெனே ஒன்றில்தான் அனுமதி.

செம்பருத்தி:
இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், தாங்கவில்லை. அந்த ஐந்து பேரில் நானும் ஒருத்தி. கணக்கு, ஹோவெடோயா பற்றி நீ பேசலாமா? நாங்கள் நான்கு பேரும் அங்கே போனபோது நீ விடுதியில் உட்கார்ந்து ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தாய். படகுக்குத் தனிக் காசு என்று நீயாகவே முடிவு செய்துவிட்டாய், ட்ராமுக்கு எடுத்த அதே நாள் டிக்கெட்தான் படகுக்கும் என்று டிக்கெட்டிலேயே போட்டிருந்தது. அங்கே 1147இல் கட்ட ஆரம்பித்த மடத்தின் இடிந்த சுவர்கள் நடுவே புல்லில் படுத்துத் தூங்கினோம், அப்புறம் கடலில் இறங்கினோம், தண்ணீர் பல்லைக் கிட்ட வைத்தது.

உண்மையில் பயணம் கெட்டது ரொட்டியால் இல்லை, ஒரு பீரால். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடையில் பீர் விற்க மாட்டார்கள் என்று நம் யாருக்கும் தெரியாது. ஆறு பத்துக்குப் போனோம், அலமாரியில் திரை போட்டிருந்தது. உடனே ஒருத்தன் பாருக்குள் நுழைந்து இரண்டு குடித்துவிட்டு அதைப் பொதுக் கணக்கில் ஏற்றிவிட்டான். குடிக்காத நான் ஏன் தர வேண்டும் என்று நான் கேட்டதுதான் தப்பாகிவிட்டது. ஐந்து பேரும் முதல் நாளே எது பொது, எது அவரவர் செலவு என்று பேசியிருந்தால் நீ இந்த இழையையே தொடங்கியிருக்க மாட்டாய். பிராக் போயிருந்தாலும் இதே சண்டைதான், பீர் மட்டும் மலிவாக இருந்திருக்கும்.

ஊர்சுற்றி91:
இப்போதுதான் கதை முழுசாகிறது 😄

கணக்குப்பிள்ளை:
படகு விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். பீர் போட்டவன் யார் என்று நான் இங்கே சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. ஆனால் "அலறல்" பார்க்காமல் வந்தது வந்ததுதான், அதில் நான் மாற மாட்டேன்.

செம்பருத்தி:
அதற்குக் கொஞ்சமாவது காசு இருந்தது. கடைசி நாள் பூங்காவில் மற்றவர்கள் போட்டுவிட்டுப் போன பாட்டில்களைப் பொறுக்கி, காலி பாட்டிலுக்குக் காசு திருப்பித் தருகிற கடை இயந்திரத்தில் போட்டோமே, சின்னதுக்கு 2 குரோனர், பெரியதுக்கு 3. அறுபத்தெட்டு குரோனருக்கு வந்த ரசீதைக் கடையில் காட்டி மாற்றச் சொல்லி உன்னிடம்தான் கொடுத்தோம். மாற்றினாயா?

கணக்குப்பிள்ளை:
பர்ஸில்தான் இருக்கிறது. எழுத்து கொஞ்சம் மங்கிவிட்டது.