புதுப்பிப்பு: திராட்சைத் தோட்டத்தைத் திறந்துவிட்ட கதை

கம்பம் பக்கம் இருக்கற எங்க பன்னீர் திராட்சைத் தோட்டத்தை, தேக்கடி போறவங்க பார்க்கத் திறந்துவிடலாமா, கட்டணம் வைக்கலாமான்னு போன வருஷம் கேட்டிருந்தேன். இப்போ நிலவரம்.

திறந்தாச்சு. கட்டணம் வைக்கல. ரோட்டோரத்துலயே சும்மா உள்ள விடுற தோட்டம் இருக்கும்போது நமக்கு மட்டும் யாரு காசு கொடுப்பா? வரும்படி எல்லாம் பழத்துலயும் ஜூஸ்லயும்தான். வியாபாரி கொடுக்கறதைவிட கிலோவுக்கு நல்லாவே நிக்குது.

பலர் கேட்டது, வருஷம் முழுக்க பழம் காட்ட முடியுமான்னு. முடியும். கவாத்து பண்ணினா, அதாவது கொடியை வெட்டிவிட்டா, சுமார் 4 மாசத்துல அறுப்பு. தோட்டத்தை மூணு துண்டாக்கி, ஒவ்வொண்ணையும் நாள் இடைவெளி விட்டுக் கவாத்து பண்றோம். ஆனா பழுத்த பந்தல் எல்லாத்துக்கும் ஆளை விடுறதில்ல. பழத்து மேல இயற்கையா இருக்கற சாம்பல் பூச்சு கை பட்டா அழிஞ்சிரும். அது அழிஞ்சிருந்தா வியாபாரி பார்த்தே விலையைக் குறைப்பார். அதனால பார்வையாளருக்குன்னு ஒரே பந்தல். மருந்தடிச்ச துண்டுக்குக் கயிறு கட்டிருவோம். பறிச்ச கையோட வாயில போடுறவங்கதானே அதிகம்!

2023-ல கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சதை போர்டுல எழுதி வெச்சோம். படிக்கறவங்களைவிட அது முன்னாடி செல்ஃபி எடுக்கறவங்கதான் ஜாஸ்தி.

முதல் செலவு கழிப்பறை. அது இல்லாம ஆரம்பிக்காதீங்க, குடும்பத்தோட வர்றவங்க நிக்க மாட்டாங்க.

கார்த்திகையில சபரிமலை வண்டிகள் இந்த வழியாதான் போகும். நிறுத்த இடம் பத்தாதுன்னு பக்கத்துத் தரிசைக் குத்தகைக்குக் கேட்டிருக்கோம்.