பத்து வாரம் முன்னால் கேட்டவர்கள்: ‘ஹெயில் டு த தீஃப்’ கசிவு பற்றி ஒரு சண்டை

சைதை எக்ஸ்பிரஸ்:
போன வாரம் இங்கே பிரிட்டிஷ் ராக் குழுவான ரேடியோஹெட் பற்றிய திரியில் ஒரு தம்பி எழுதியிருந்தார்: “ஆல்பம் வெளியாகும் முன்னால் கசிந்ததைக் கேட்பவன் ரசிகன் இல்லை, அவசரக்காரன்.” அங்கேயே மல்லுக்கு நின்றால் திரி திசைமாறிவிடும். அதனால் தனித் திரி.

நான் அந்த அவசரக்காரன். 2003 மார்ச் கடைசியில் அவர்களுடைய ‘ஹெயில் டு த தீஃப்’ இணையத்தில் கசிந்தது. ஆல்பம் வரவேண்டியது ஜூன் 9 அன்று. நடுவில் பத்து வாரம். பிரவுசிங் சென்டரில் காசு கட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டாக இறக்கி, சிடியில் ரைட் செய்து எடுத்துவந்தேன். பாதிக் கோப்புகளின் பெயரே தப்பு. பாட்டு வரிசை தெரியாது, அட்டைப்படம் கிடையாது, பத்திரிகை விமர்சனம் கிடையாது. இது சுமார், இது அபாரம் என்று எவரும் முன்கூட்டிச் சொல்லித்தரவில்லை. பிடித்திருக்கிறதா என்பதை நானேதான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒரு இசைக்குழுவோடு நான் அவ்வளவு நெருக்கமாக இருந்த காலம் வேறு இல்லை.

ஜூனில் அசல் வந்தபோது சில பாட்டுகள் அந்நியமாகப் பட்டன. இன்றைக்கும் அப்படித்தான். அதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை.

வெள்ளிக்கிழமை:
அந்தத் தம்பி நான்தான். ஆனால் தம்பி இல்லை அண்ணே, தங்கை.

சட்டம், திருட்டு என்று நான் பேச வரவில்லை. என் வருத்தம் வேறு. ஒரு ஆல்பத்தை முதல் தடவை கேட்பது வாழ்க்கையில் ஒரே தடவைதான். நீங்கள் அதை எதற்குக் கொடுத்தீர்கள்? கசிந்தவை ஜனவரி மாதத்து எடிட்கள், குரலையும் வாத்தியங்களையும் சமன் செய்து சேர்க்காத, அதாவது மிக்ஸ் செய்யாத பாடல்கள் என்று அப்போதே குழுவின் கிட்டார் கலைஞர் ஜானி கிரீன்வுட் இணையத்தில் எழுதினார். முடிக்காத வேலை இப்படி அலங்கோலமாக வெளியே போய்விட்டதே என்பதுதான் அவருடைய ஆத்திரம், இறக்கிக் கேட்டவர்கள் மேல்கூட அவ்வளவு கோபமில்லை. “அசல் அந்நியமாகப் பட்டது” என்று நீங்கள் பெருமையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அது ஒரு இழப்பாகத் தெரிகிறது.

நான் காத்திருப்பேன். ஆல்பம் பெயர், பாட்டுப் பெயர் எல்லாவற்றையும் ட்விட்டரில் மியூட் செய்துவிட்டு, வியாழன் நள்ளிரவில் விளக்கை அணைத்து, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை. யாராவது நடுவில் கூப்பிட்டால் கொலை விழும்.

பி-சைட்:
அந்த வியாழன் நள்ளிரவுக்கு என்ன வயது தெரியுமா? உலகம் முழுக்க வெள்ளிக்கிழமைதான் புது ஆல்பம் என்று இசைத் தொழில் முடிவு செய்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2015 ஜூலை 10. அதற்கு முன்னால் பிரிட்டனில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய். ரேடியோஹெட்டின் ‘கிட் ஏ’ 2000 அக்டோபர் 2 அன்று லண்டனில் வெளியான ஆல்பம், நியூயார்க்கில் மறுநாள்தான். லண்டன்காரன் திங்களன்று கேட்டுவிட்டு நியூயார்க் நண்பனுக்கு அனுப்பினால் அதுவும் ‘வெளியீட்டுக்கு முன்’தானா? நமக்கோ கடைக்காரர் எப்போது வரவழைக்கிறாரோ அன்றுதான் வெளியீடு. ஜூன் 9 என்ற தேதி சைதாப்பேட்டையில் என்னத்துக்கு ஆகும்?

அப்புறம், முன்னால் கேட்கும் உரிமை சிலருக்கு எப்போதுமே உண்டு. 1997இல் ரேடியோஹெட்டின் ‘ஓகே கம்ப்யூட்டர்’ வருவதற்கு முன் அதன் அமெரிக்க வெளியீட்டு நிறுவனமான கேப்பிட்டல் கேசட்டை பிளேயருக்குள் வைத்து மூடி ஒட்டியே பத்திரிகைக்காரர்களுக்கு அனுப்பியது. அவர்கள் கேட்டால் தொழில், நாம் கேட்டால் அவசரமா?

வெள்ளிக்கிழமை:
விமர்சகர் கேட்டது முடிந்த ஆல்பத்தை. நான் பேசுவது முடியாத ஒன்றைக் கேட்பது பற்றி. தேதியைப் பிடித்துத் தொங்காதீர்கள்.

ஃபேடர்:
சென்னையில் மிக்ஸிங் வேலை செய்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை.

ரஃப் மிக்ஸ் என்பது கேட்பவருக்காகப் போடுவது இல்லை. அன்றைய ஒலிப்பதிவு முடிந்ததும், பாடகரும் வாசித்தவர்களும் காரில் போகும்போது கேட்டுப் பார்க்கட்டும் என்று சட்டென்று போட்டுக் கொடுப்பது. குரல் தூக்கலாக இருக்கும், ஏனென்றால் வரிகளைச் சரிபார்க்க வேண்டும். பேஸும் கிக் டிரம்மும் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டிருக்கும், அதைப் பிரித்துவைக்க இன்னும் நேரம் கிடைத்திருக்காது. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, நடுவில் எவ்வளவு மௌனம் என்பதெல்லாம் மாஸ்டரிங் என்ற கடைசிக் கட்டத்தில்தான் முடிவாகும். அரைவேக்காட்டைச் சாப்பிட்டுவிட்டு “எனக்கு இந்த ருசிதான் பிடிக்கும்” என்றால் சமையல்காரன் என்ன செய்வான்?

இன்னொன்றும் உண்டு. நாங்கள் அதை டெமோயிட்டிஸ் என்போம். ஒரு படத்துக்கு வேலை செய்தேன், பெயர் வேண்டாம். இயக்குநர் மாதக்கணக்கில் கீபோர்டில் வாசித்த வயலினையே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நிஜமான வயலின் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்தோம். கேட்டுவிட்டு, “என்னமோ குறையுதே, பழசுல ஒரு உயிர் இருந்ததே” என்றார். பழசில் இருந்தது வெறும் பழக்கம். காது எதை முதலில் பிடிக்கிறதோ அதைத்தான் ஒரிஜினல் என்று வைத்துக்கொள்ளும். சைதை அண்ணனுக்கு நடந்தது அதேதான்.

சைதை எக்ஸ்பிரஸ்:
ஃபேடர் சார், நீங்கள் இவ்வளவு விளக்கியதற்கு நன்றி, ஏனென்றால் எனக்கு வேலை மிச்சம். ‘ஹெயில் டு த தீஃப்’ லாஸ் ஏஞ்சலிஸில் 2 வாரத்தில் மளமளவென்று பதிவான ஆல்பம். அந்த வேகத்துக்குப் பிறகு மிக்ஸிங்கில்தான் குழு திணறியது. அங்கே போட்ட ரஃப் மிக்ஸ்களையே திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகி, அவற்றை விட மனம் வராமல் தங்களுக்குள் சண்டை போட்டார்கள். இதைப் பாடகர் டாம் யார்க்கே சொல்லியிருக்கிறார். கடைசியில் வெளியான ஆல்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த ரஃப் மிக்ஸ்கள்தான் என்பது தயாரிப்பாளர் நைஜல் காட்ரிச்சின் கணக்கு.

ஆக, எனக்கு வந்த அதே நோய் அவர்களுக்கும் வந்தது. அவர்களுக்கு வந்தால் கலை, எனக்கு வந்தால் பழக்கதோஷமா? 2008இல் யார்க் சில பாட்டுகளை நீக்கி, வரிசையை மாற்றி, ஆல்பம் இப்படி இருந்திருக்கலாம் என்று குழுவின் இணையதளத்தில் ஒரு பட்டியல் போட்டார். ஐந்து வருடம் கழித்தும் அவருக்கே முடிவாகாத ஒரு ஆல்பத்தின் ‘முடிந்த வடிவத்துக்கு’ நான் காத்திருக்க வேண்டுமாம்.

ஃபேடர்:
நல்ல அடி. ஆனால் இலக்கு தப்பு. அவர்கள் எல்லாப் பதிப்புகளையும் எதிரே வைத்துக்கொண்டு, சண்டை போட்டு, ரஃப்பே போதும் என்று *தேர்ந்தெடுத்தார்கள்*. உங்களுக்கு எது கசிந்து கிடைத்ததோ அதைக் கேட்டீர்கள். அதுவும் 128 கேபிபிஎஸ் என்ற குறைந்த தரத்தில் நசுங்கி வந்ததை. டிரம்ஸின் சிம்பல் தட்டுகளின் ஓசை தண்ணீருக்குள் கேட்பதுபோல இருந்திருக்குமே?

சைதை எக்ஸ்பிரஸ்:
இருந்தது. அதையும் பாட்டின் ஒரு பகுதி என்றே நினைத்தேன். ரேடியோஹெட் அல்லவா, வேண்டுமென்றே செய்திருப்பார்கள் என்று :)

கேசட் காலம்:
நம்ம ஊர் உதாரணம் ஒன்று. 2011 நவம்பரில் ‘ஒய் திஸ் கொலவெறி டி’யின் ரஃப் வடிவம் கசிந்ததால்தான் படக்குழு அவசரமாக அதை நவம்பர் 16 அன்று அதிகாரபூர்வமாக வெளியிட்டது. அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். கசிவு வாழ்க!

வெள்ளிக்கிழமை:
ஜெயித்ததை மட்டும் எண்ணினால் எல்லாக் கசிவும் நல்ல கசிவுதான். ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் கதையை எடுங்கள். ‘வல்னிகூரா’ 2015 மார்ச்சில் வரவேண்டியது. தன் உறவு முறிந்ததைப் பற்றி, கிட்டத்தட்ட நாட்குறிப்பு மாதிரி எழுதிய ஆல்பம். ஜனவரியிலேயே கசிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஜனவரி 20 அன்று டிஜிட்டலில் வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட பாட்டுகளை எந்த நாளில், எப்படி ஊர் முன் வைப்பது என்று முடிவு செய்யும் உரிமைகூட அவருக்கு இல்லாமல் போனது. அதைக் கேட்டுவிட்டு “விமர்சனம் இல்லாத தூய அனுபவம்” என்று என்னால் சொல்ல முடியாது. கதவு சாத்தியிருக்கும் வீட்டுக்குள் நின்றதுபோல் இருக்கும்.

பி-சைட்:
அதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. அமெரிக்கப் பாடகி ஃபியோனா ஆப்பிளின் ‘எக்ஸ்ட்ராஆர்டினரி மெஷின்’ ஆல்பம். ஜான் பிரையன் தயாரித்த பதிவு வெளிவராமல் கிடந்தது. 2005இல் கசிந்தது. நிறுவனம்தான் பூட்டி வைத்திருக்கிறது என்று நம்பிய ரசிகர்கள் ஆல்பத்தை விடுவிக்கச் சொல்லிப் போராட்டமே நடத்தினார்கள். அதே வருடம் அக்டோபரில் அதிகாரபூர்வ ஆல்பம் வந்தபோது பெரும்பாலான பாட்டுகள் மைக் எலிசாண்டோவோடு புதிதாகப் பதிவானவை. பிரையன் பதிவில் தங்கியவை இரண்டுதான். இன்றைக்கும் ரசிகர்கள் இரண்டு கட்சி. நான் கசிந்த கட்சி. பிரையன் பதிவின் ஆர்கெஸ்ட்ரா இல்லாத வடிவம் எனக்கு மொட்டையாகத்தான் கேட்கிறது.

அமெரிக்க ராக் குழு வில்கோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்’ ஆல்பம் வேண்டாம் என்று அவர்களுடைய ரிப்ரைஸ் நிறுவனம் கைகழுவியது. 2001 செப்டம்பரில் குழுவே தன் இணையதளத்தில் முழு ஆல்பத்தையும் கேட்க வைத்தது. கடைக்கு வந்தது 2002 ஏப்ரலில், நான்சச் வழியாக. இரண்டுமே வார்னர் குடும்பத்து நிறுவனங்கள் என்பது தனி நகைச்சுவை. அத்தனை மாதம் முன்னால் இலவசமாகக் கேட்டவர்கள்தான் கச்சேரிக்கு வந்தார்கள், கடைக்கும் போனார்கள்.

வெள்ளிக்கிழமை:
வில்கோ கதவை அவர்களே திறந்தார்கள். அது கசிவு இல்லை, அழைப்பு. ஃபியோனா விஷயத்தில் புதிதாகப் பதிவு செய்ய விரும்பியது அவரேதான். உங்கள் கட்சி அவரிடம் கேட்டதா?

பி-சைட்:
கேட்கவில்லை. காது கட்சி சேரும்போது யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

சைதை எக்ஸ்பிரஸ்:
‘கிட் ஏ’யை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். பாட்டுக் கோப்புகளைப் பகிரும் நாப்ஸ்டரில் முன்பே கசிந்தது. சிங்கிள் என்று தனியாக முன்னால் விடும் பாட்டு கிடையாது, வழக்கமான வீடியோ கிடையாது. அமெரிக்காவில் நேராக முதலிடம், ரேடியோஹெட்டுக்கு அங்கே அதுதான் முதல் முதலிடம். ‘ஹெயில் டு த தீஃப்’ அத்தனை கசிந்தும் பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் மூன்றாமிடம். யாருக்கு நஷ்டம்?

ஃபேடர்:
ரேடியோஹெட்டுக்கு நஷ்டம் இல்லை. ஏற்கெனவே கோடிக்கணக்கானோர் கேட்கும் குழுவை வைத்துக் கணக்குப் போட்டால் அப்படித்தான் வரும். கைக்காசு போட்டு ஆறு பாட்டு செய்யும் ஒரு பையனின் ரஃப் மிக்ஸ் வாட்ஸ்அப்பில் சுற்றினால், அந்த ரஃப்தான் அவன் முகம். அதற்கப்புறம் நல்ல மிக்ஸைக் கேட்க யாரும் வரமாட்டார்கள். என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் அந்தப் பையன்கள். அதனால்தான் எனக்குக் கொஞ்சம் சூடாகிறது.

கேசட் காலம்:
சரி சரி. அந்த 2003 கசிவு யாரிடமாவது இருக்கா? லிங்க் கிடைக்குமா?

நிர்வாகி:
லிங்க் கேட்பதும் கொடுப்பதும் இங்கே கூடாது. விவாதம் மட்டும் தொடரட்டும்.

சைதை எக்ஸ்பிரஸ்:
கடைசியாக ஒன்று. 2007இல் ‘இன் ரெயின்போஸ்’. எங்கள் ஆல்பங்கள் எப்படியும் கசிந்துகொண்டேதான் இருக்கின்றன, அப்படியானால் நாங்களே கசியவிட்டுவிடலாம் என்றுதான் யோசித்தோம் என்று யார்க் இசைக்கலைஞர் டேவிட் பர்னிடம் பேசும்போது சொன்னார். அக்டோபர் 10, அவர்கள் தளத்திலேயே, விரும்பிய விலைக்கு. என்னைப் போன்ற அவசரக்காரர்கள் இல்லாவிட்டால் அது நடந்திருக்குமா?

வெள்ளிக்கிழமை:
அண்ணே, அது உங்கள் வெற்றி இல்லை, என் வெற்றி! பத்து நாள் முன்னால்தான் அறிவித்தார்கள். விமர்சகர், ரசிகர், நீங்கள், நான், எல்லாரும் அதே நாளில், அதே முடிந்த ஆல்பத்தை முதல் தடவை கேட்டோம். நான் அப்போது பள்ளிக்கூடம், அண்ணன் கணினியில் கேட்டேன். உலகமே என்னோடு கேட்டுக்கொண்டிருந்தது என்ற அந்த உணர்வுக்காகத்தான் இன்றும் காத்திருக்கிறேன். நீங்கள் 2003இல் பத்து வாரம் யாரோடு பேசினீர்கள்?

சைதை எக்ஸ்பிரஸ்:
முதல் வாரம் யாரோடும் இல்லை. சொன்னாலும் புரிந்துகொள்ள ஆள் இல்லை, கேட்டவன் என்ற கெத்து மட்டும் இருந்தது. அப்புறம் இணையத்தில் முகம் தெரியாத நாலைந்து பேர். வரிகள் அச்சில் இல்லாததால் ஆளுக்கொரு மாதிரி கேட்டு எழுதிச் சண்டை போடுவோம். அசல் சிடி வந்து வரிகளைப் பார்த்தபோது முக்கால்வாசி தப்பு. இன்றும் நான் முணுமுணுப்பது அந்தத் தப்பான வரிகளைத்தான்.

வெள்ளிக்கிழமை:
நேரடியாகக் கேட்கிறேன். ரேடியோஹெட்டின் அடுத்த ஆல்பம் ஒரு மாதம் முன்னால் இன்று ராத்திரி கசிந்தால்?

சைதை எக்ஸ்பிரஸ்:
கேட்பேன். ஹெட்ஃபோனைச் சார்ஜில் போட்டே வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை:
அப்படியானால் வெளியாகும் வெள்ளிக்கிழமை வரை நீங்கள் இந்தத் தளத்துப் பக்கமே வரக்கூடாது. பாட்டுப் பெயர்கூட வாயிலிருந்து வரக்கூடாது.

சைதை எக்ஸ்பிரஸ்:
ஒரு மாதமா? பாட்டுக்குக்கூடக் காத்திருக்க முடியாதவனைப் பேசாமல் இருக்கச் சொல்கிறாயே தங்கச்சி.